கொரியாவுக்கு ஒரு கோல்

கஸ்தூரிரங்கனைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் கொரியா. அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் சூர்யநாராயணன், சுருக்கமாக சூரி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கால்பந்து என்றால் எனக்குக் கொட்டாவிதான் வரும். இருந்தும் இருபது வருஷத்துக்கு மேலாக, ஒவ்வொரு செப்டம்பர் நான்காம் தேதியும், தென்கொரியாவின் சார்பில் இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டுவருகிறேன். இதில் எனக்குச் சம்பளமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. கஸ்தூரிரங்கனின் மனைவி பட்டு மாமி சுடும் போண்டா மட்டும் உண்டு.

விஷயம் இதுதான். 1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்தது. இன்றைக்கு இதைச் சொன்னால் பிள்ளைகள் போனில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள். நம்பிய பிறகும் சிரிக்கிறார்கள். ரங்கனுக்கு அப்போது பத்து வயது. பல்லாவரத்தில் ஒண்டுக்குடித்தனம், வீட்டில் ரேடியோ கிடையாது. தபால் ஆபீசில் வேலை பார்த்த அவருடைய அப்பா, மறுநாள் வந்த பேப்பரைத் தான் மட்டும் முதலில் படித்து முடித்தார். பிறகு அதை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முடிவை யாருக்கும் சொல்லாமல், ஆட்டம் இப்போதுதான் நடக்கிற மாதிரி அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்துச் சொன்னாராம். ஜகார்த்தாவில் லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போடுகிறார்கள் என்றார். தலையில் தையலோடு ஒருவர் ஆடுகிறார் என்றார். நம் கோல்கீப்பர் தங்கராஜ் எதையும் உள்ளே விடமாட்டார் என்றார். இந்தியா இரண்டு கோல் போட்டாயிற்று என்றதும் எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொரியா ஒன்று போட்டுவிட்டது என்று சொல்லி அப்பா எழுந்து நின்றாராம். கூட இருந்தவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசி விசில் ஊதும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து ரங்கன் இன்றுவரை வெளியே வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் காலால் ஒரு பந்தை உதைத்து நான் பார்த்ததில்லை. ஒல்லி உடம்பு, சோடாப்புட்டிக் கண்ணாடி. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினார். எந்த அலுவலகம் என்று சொன்னால் வம்பு. இந்தியா எங்கே யாரோடு ஆடினாலும் டி.வி. முன்னால் உட்காருவார், இந்தியா தோற்கும், எழுந்து வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும் சூரி, ஜகார்த்தால ஜெயிச்சவாதானே நாம" என்பார். மாலத்தீவோடு ஆடி மூச்சுத் திணறிய நாளிலும் இதையேதான் சொன்னார். நான் கேலி செய்வேன். அவருக்கு அது உறைக்கவே உறைக்காது.

அஸ்தினாபுரத்தில் வீடு கட்டிக் குடிவந்த வருஷம், செப்டம்பர் நான்காம் தேதி மாலை, தன் அப்பா சொன்ன ஆட்டத்தைக் கூடத்தில் நின்று எங்களுக்குச் சொன்னார். மூன்று பேர்தான் கேட்டோம். ஒருவர் அச்சுதன், பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எதற்கும் ஒரு விதி வைத்திருப்பவர். இன்னொருவர் ஜெர்சன், பல்லாவரத்துக்காரர், ஒரு தொழிற்சாலை அணிக்காக நிஜமாகவே ஃபுல்பேக் ஆடி முழங்காலைத் தொலைத்தவர். மூன்றாவது நான். அன்றைக்கு நான் தாமதமாகப் போனேன். சுவரோரமாக ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. "நீ கொரியா பக்கம் ஒக்காரு மேன்" என்றார் ஜெர்சன். இந்தியா ஜெயித்துவிட்டதா, அதோடு சரி. ராசியான இடத்தை மாற்றக்கூடாது என்று அச்சுதன் விதி போட்டுவிட்டார். அன்றுமுதல் நான் கொரியா. கொரியா கோல் போடுகிற கட்டத்தில் நான் எழுந்து "கோல்" என்று சொல்ல வேண்டும். மற்ற மூவரும் என்னை முறைப்பார்கள்.

இன்னொரு விதியும் அன்றைக்கே பிறந்தது. ரங்கன் கடைசி ஐந்து நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. "ஃபைனல் விசில்" என்று ஜெர்சன் கையைத் தூக்கிக் கத்தினார். அவ்வளவுதான், மறு வருஷத்திலிருந்து பட்டு மாமிதான் ரெஃபரி. நான் "கோல்" என்றதும் அவர் அடுப்பில் குக்கரை ஏற்றுவார். முதல் விசில் எப்போது வருகிறதோ அப்போதுதான் ஆட்டம் முடியும். கேஸ் எரிவதைப் பொறுத்து, உள்ளே வைத்திருப்பதைப் பொறுத்து அது முன்னே பின்னே ஆகும். அதுவரை ரங்கன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், நாங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பேப்பரில் வந்த செய்திக்கு எந்த மாற்றமும் வரப்போவதில்லை என்று நாலு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை புது குக்கர் வாங்கிய வருஷம் விசில் வரத் தாமதமாகி, அச்சுதனுக்கு வியர்த்துவிட்டது. விசில் வந்ததும் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, "அப்பாடா, பிழைச்சோம்" என்றார். என்னத்தைச் சொல்ல, கொரியாவான எனக்கே அப்பாடா என்றுதான் இருந்தது.

இந்த வருஷம் ஜூன் மாதம் கீழ்க்கட்டளையில் ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்த ரங்கன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. ஜெர்சனும் நானும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார்கள். உயிர் பிழைத்தது, கால் பிழைத்தது, வலது கை பாதி பிழைத்தது. பேச்சு மட்டும் போய்விட்டது.

முழுக்கப் போயிருந்தால்கூட மனசு சமாதானம் ஆகியிருக்கும். ஒரே ஒரு வார்த்தை தங்கிவிட்டது. "நாளைக்கு." தண்ணீர் வேண்டுமென்றால் "நாளைக்கு." போதும் என்றால் "நாளைக்கு." மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதும் அதுதான், கோபம் வந்தால் திட்டுவதும் அதுதான். முப்பத்தைந்து வருஷம் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வார்த்தை, மற்றதெல்லாம் போனாலும் நான் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. இதை அவரிடமே சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்தபிறகு நானும் அழுதேன்.

வாரம் இரண்டு நாள் ப்ரியா என்று ஒரு பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்தாள். "அவருக்கு எல்லாம் புரியுது சார். வார்த்தையும் உள்ளதான் இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றாள். "நீங்க யாரும் முந்திக்கிட்டு எடுத்துக் கொடுக்காதீங்க. காத்திருங்க." வருமா என்று கேட்டதற்கு, பலருக்கு வந்திருக்கிறது என்றாள். வரும் என்று சொல்லவில்லை. நான் வாத்தியாராக இருந்தவன். பையன் பாஸ் பண்ணுவானா என்று பெற்றவர்கள் கேட்கும்போது நானும் இப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

பட்டு மாமி யாரிடமும் புலம்புகிறவர் இல்லை. ஆகஸ்டு மாதம் ஒருநாள், நான் வாங்கிப்போன மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு, ரங்கன் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சாப்பாடு, தண்ணி எல்லாம் கையைக் காட்டினா புரிஞ்சுடறது சூரி. அது ஒரு கஷ்டமே இல்லை. இத்தனை வருஷமா கேட்டைத் திறக்கும்போதே பட்டுன்னு கூப்பிட்டுண்டேதான் உள்ள வருவார். சும்மாதான் கூப்பிடுவார், ஒரு வேலையும் இருக்காது. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பார். எனக்கு எரிச்சலா வரும். இப்ப வாக்கிங் போயிட்டு வர்றார், கேட் சத்தம் மட்டும் கேக்கறது."

மறுபடி ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு தரம் என் பேரைச் சொல்லிட்டார்னா போறும்" என்றார்.

மாத்திரையை மூன்று வேளையா இரண்டு வேளையா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் நெருங்கியதும் பூங்கா பெஞ்சில் எங்கள் செயற்குழு கூடியது. இந்த வருஷம் ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றேன். விட்டுவிட்டால் இனி பேச்சு வராது என்று நாமே முடிவுகட்டிவிட்டோம் என்று ரங்கனுக்குத் தோன்றிவிடும் என்றார் அச்சுதன். அது நியாயம்தான். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுத் தனக்கு மனப்பாடம், தானே சொல்கிறேன் என்றார். அதுவும் சரி. ஆனால் அவருக்கு ஒரு கவலை.

"டாக்டர் டென்ஷனே கூடாதுன்னு சொல்லியிருக்கார். கடைசி அஞ்சு நிமிஷம் நமக்கே பிபி ஏறும். அதனால கொரியா கோல் வேண்டாம். ரெண்டுக்கு சைபர்ல முடிச்சுடலாம்."

"அது ஹிஸ்டரி மேன்" என்றார் ஜெர்சன். "ஒன் இஸ்டத்துக்கு இன்னா அத்த மாத்தறது?"

"ஹிஸ்டரி முக்கியமா, ரங்கன் முக்கியமா?"

ஜெர்சன் தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவே இல்லை. வருஷத்துக்கு ஒரு கோல் என்று ஒழுங்காகப் போட்டு வந்தவன் நான், என் கோலை என் முன்னாலேயே ரத்து செய்கிறார்கள். கால்பந்து பிடிக்காத எனக்கு ஏன் சுருக்கென்றது என்று தெரியவில்லை. கடைசி ஐந்து நிமிஷம் இல்லாததால் குக்கரும் வேண்டாம், போண்டா மட்டும் போதும் என்று மாமியிடம் சொல்லியாயிற்று.

நான்காம் தேதி மாலை நாலு மணிக்குப் போனோம். ரங்கன் வெளுத்த வேட்டி கட்டி, திருமண் இட்டுக்கொண்டு, தன் வழக்கமான இடத்தில், அதாவது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அச்சுதன் அவரை மெதுவாகத் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் நின்றார். ரங்கன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுதன் மோசமாகச் சொன்னார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடன் பாக்கி வாசிக்கிற குரல் அது. முதல் கோலுக்கு ஜெர்சன் தொடையில் தட்டினார். இரண்டாவது கோல் வந்தபோது ரங்கனின் இடது கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குப் போண்டாவும் காபியும் வந்தன. பிற்பாதியை அச்சுதன் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓட்டினார். பந்து அங்கே போயிற்று, இங்கே வந்தது, யாருக்கும் ஆபத்தில்லை. முடிவில், "ஆக, ரெஃபரி விசில் ஊதிவிட்டார். இந்தியா ரெண்டு, கொரியா சைபர். தங்கம் நமக்கே" என்று சொல்லிக் கையைத் தட்டினார். நாங்களும் தட்டினோம். உட்கார்ந்தபடியே தட்டினோம்.

"நாளைக்கு" என்றார் ரங்கன்.

அச்சுதன் சிரித்தபடி குனிந்தார். "என்ன ரங்கன், களைப்பா இருக்கா? மீதியை நாளைக்கு வச்சுக்கலாமா?"

"நாளைக்கு" என்றார் ரங்கன் மறுபடியும். இந்த முறை முகம் சிவந்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு." பிபி, பிபி என்று அச்சுதன் கையை உதற, ரங்கன் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, இடது கையை நீட்டி என்னைக் காட்டினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

ஜெர்சன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ப்ரியா சொன்னது எனக்கு ஞாபகம் வந்து, அவர் கையை அழுத்தினேன். காத்திருந்தோம். ரங்கனின் வாய் கோணியது, நேரானது, மறுபடி கோணியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. நாம் செய்த கூத்தில் இன்னொரு அடைப்பு வந்துவிட்டால் மாமிக்கு என்ன பதில் சொல்வது?

"கொ" என்றார். பிறகு, "கொரியா." மூச்சு வாங்கியது. "கொரியா... கோல்."

யாரும் அசையவில்லை. அவர் எரிச்சலோடு என்னைப் பார்த்து, எழுந்திரு என்பதுபோலக் கையைத் தூக்கினார். மூன்று மாசத்துக்குப் பிறகு மனுஷனுக்கு வாய் திறந்தால், தண்ணீர் கேட்கலாம், பெருமாளே என்று சொல்லலாம். இவர் எதிராளிக்குச் சேரவேண்டிய கோலைக் கேட்கிறார். பயந்துபோய் நாங்கள் விழுங்கிவிட்ட கோலை அவரால் விழுங்க முடியவில்லை.

நான் எழுந்து நின்றேன். "கோல்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். ஜெர்சன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அச்சுதன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், ஆனாலும் ஃப்ரிட்ஜ் பக்கத்து இடத்தை விட்டுத் தன் இடத்துக்கு வந்து ஒழுங்காக நின்றார். ரங்கன் தன் இடத்துக்குப் போனார்.

"அஞ்சு... அஞ்சு நிமிஷம்" என்று ஆரம்பித்தார். "லட்சம் பேர்... கத்தறா." ஒவ்வொரு வார்த்தையும் கிணற்றிலிருந்து வாளி வருகிற மாதிரி வந்தது. "ஒருத்தன்... ஒருத்தன்கூட... நம்ம பக்கம் இல்லை." பிறகு வாளிகள் அடுத்தடுத்து வரத் தொடங்கின. அது அவருடைய பேச்சு இல்லை, அவர் அப்பாவின் பேச்சு. பத்து வயதில் காதில் விழுந்து, அறுபது வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த தடம். அதில் கால் வைத்ததும் நடக்க வந்துவிட்டது. "பந்து அவா கிட்ட. வர்றான், வர்றான். தங்கராஜ் பிடிச்சுட்டார். பிடிச்சுட்டார், விடலை. மறுபடி அவா கிட்ட. இந்தப் பக்கம் வர்றான்." சில வார்த்தை வழுக்கியது, சிலது வேறு இடத்தில் போய் விழுந்தது. ஆனால் நிற்கவில்லை. ஜெர்சன் கண்ணைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

மாமி சமையலறை வாசலுக்கு வந்து நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு அவர் கூடத்துக்கு வந்ததே இல்லை. கையில் கரண்டி, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

ரங்கன் சொல்லிக்கொண்டே போனார். கொரியா பத்து முறை வந்தது, தங்கராஜ் பத்து முறை பிடித்தார். என் இடுப்பு கெஞ்சியது. அப்பாவிடமிருந்து வந்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டன என்று எனக்குப் புரிந்தது, ஏனென்றால் பிடிச்சுட்டார், விடலை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினார். ஆட்டம் முடியவில்லை. முடியவே முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கர் வேண்டாம் என்று சொன்னதே நாங்கள்தான்.

ரங்கன் சமையலறைப் பக்கம் பார்த்தார். மறுபடி பார்த்தார். பந்து கொரியாவின் காலில் இருக்கிறது, இந்தியா ஒரே ஒரு கோல் முன்னால் இருக்கிறது, அங்கே ரெஃபரி கரண்டியும் கையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். ரங்கன் முகத்தில் பழைய எரிச்சல், ஆபீஸ் போகிற காலத்தில் கைக்குட்டை கிடைக்காதபோது வருமே, அந்த எரிச்சல் வந்தது.

"பட்டு" என்றார். "விசில் எங்கே?"

மாமி அசையவில்லை. அச்சுதன் ஏதோ சொல்ல வந்ததை நான் தடுத்தேன்.

"என்ன கேட்டேள்?" என்றார் மாமி. குரல் எங்கோ இருந்தது.

"விசில், பட்டு. விசில்."

"இதோ. இதோ வந்துடுத்து" என்று மாமி உள்ளே ஓடினார். குழாய் திறக்கும் சத்தம், லைட்டர் சத்தம், மூடியை அழுத்தும் சத்தம் எல்லாம் கேட்டது. ரங்கன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாங்கள் நின்றோம். ஜெர்சன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அச்சுதனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பு எரிகிற சத்தத்தை என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் கேட்டதில்லை. உள்ளே என்ன வைத்தீர்கள் என்று பிறகு மாமியைக் கேட்டேன். வெறும் தண்ணீர்தானாம்.

விசில் வந்தது.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு ரங்கன் உட்கார்ந்தார். மூன்று மாசமாக இறங்காத ஒரு பாரம் எங்கள் நாலு பேர் மேலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கியது. அச்சுதன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மாமி ரங்கன் முன்னால் வந்து நின்று, "என்னைக் கூப்பிட்டேளே, என்ன வேணும்?" என்று கேட்டார்.

ரங்கன் யோசித்தார். வார்த்தைக்காக யோசித்தாரா, விஷயத்துக்காக யோசித்தாரா, தெரியவில்லை.

"ஒண்ணுமில்லை, பட்டு" என்றார்.

மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவதும் அடித்தது. அடுப்பை அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மட்டும் கொரியா ஒரே மாலையில் மூன்று முறை தோற்றது.